ஒன்பது தக்காளிச் செடிகளும் ஒரு சுருள் கட்டுத்துணியும்

போன வாரம் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குப் போன இடத்தில் என் மனைவி ஆறு தக்காளி நாற்று வாங்கினாள். குட்டை ரகம். முழங்காலுக்கு மேல் வளராதாம், நட்டு இரண்டு மாதத்துக்குள் பழுத்துவிடுமாம். நாற்றுக் கடைக்காரர் தண்ணீரை வெள்ளம் என்று சொல்கிற எங்கள் பக்கத்து ஆள்தான். "இதுக்கு ஒண்ணுமே பண்ண வேண்டாமுங்க. கொம்பு நட வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். ரண்டு நேரம் வெள்ளம் ஊத்திப்போட்டுச் சும்மா இருந்தாப் போதுமுங்க" என்றார். சும்மா இருப்பது என்ன அவ்வளவு சுலபமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

மொட்டை மாடியில் பைகளை வரிசையாக வைத்து, மண் நிரப்பி, நாற்றுகளை நட்டு முடித்தோம். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. தக்காளி இலையின் வாசனை உங்களுக்குத் தெரியும்தானே? பழத்தின் வாசனையைச் சொல்லவில்லை. பச்சையாக, கொஞ்சம் காரமாக, விரலில் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாமல், சாப்பிட உட்காரும்போது சோற்றோடு சேர்ந்து மூக்குக்கு வருமே, அது. என் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்னைக் கேட்காமலே ஒரு நாற்றின் இலைக் கக்கத்துக்குப் போய்விட்டன.

"ஏனுங்க! கை எங்க போகுது? பின்னால கட்டிக்குங்க!" என்று மனைவி அதட்டினாள். அவளுக்குக் கதை தெரியும். கல்யாணமான புதிதில், நல்ல பேர் வாங்க நினைத்து நானே சொல்லித் தொலைத்தது. தக்காளிச் செடி எதிரே வந்தால், ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது என் வழக்கம்.

கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தக்காளிக் காடு இருந்தது. உயரமாகப் போகிற ரகம். கொம்பு நட்டு, கம்பி இழுத்து, வாரம் ஒரு தரம் சணல் போட்டுக் கட்டிக்கொண்டே போக வேண்டும். அதோடு விட்டதா? தண்டுக்கும் இலைக்கும் நடுவே, அந்தக் கக்கத்தில், வாராவாரம் ஒரு துளிர் கிளம்பும். அதற்குப் பெயர் பக்கச் சிம்பு. விட்டால் அது தனிக் கிளையாகி, செடியின் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு, காயைச் சிறுக்க வைத்துவிடும். அதனால் விரலால் கிள்ளி எறிய வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை என்றால் சிம்பு கிள்ளுவதுதான். மற்ற பிள்ளைகள் வாய்க்காலில் குதிக்கிற சத்தம் கேட்கும், நாங்கள் வரிசை வரிசையாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்போம். கை கறுத்துப் பச்சை படிந்து, திங்கட்கிழமை நோட்டுப் புத்தகத்தில் விரல் ரேகை விழும். பழுக்காத தக்காளிக்காயைப் பிளந்து தேய்த்தால்தான் அந்தக் கறை போகும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பேர். கண்ணை மூடிக்கொண்டே கிள்ளுவான் என்று அப்பா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இதை நான் ஒரு தகுதி என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், பாருங்கள்.

தக்காளியிலிருந்து தப்பிக்கத்தான் மருந்தாளர் படிப்புப் படித்தேன் என்று சொன்னால் அது முழுப் பொய் இல்லை. இருபத்துநாலு வயதில் பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பௌண்டர் வேலை கிடைத்தது. தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் வெயிலில் காய்ந்தவன் அந்தக் குளிரில் என்ன பாடுபட்டிருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் முழுக்க இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டே நின்றேன். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள் எனக்குத்தான் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

தங்குவதற்கு லயத்தின் கடைசி வீட்டைக் கொடுத்தார்கள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிற தொழிலாளர் வீடுகள். அடுத்த வீடு குருவம்மாவுடையது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் மலையேறிய குடும்பம். புருஷன் இல்லை. ஐம்பதை நெருங்குகிற வயது, கொழுந்து கிள்ளுகிறவள், லயத்திலேயே வேகமான கை. நான் "ஏனுங்க்கா" என்று கூப்பிட்டால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "இன்னொருக்காச் சொல்லுங்க சார், ஏனுங்" என்பாள். சிரித்து முடித்துவிட்டு ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைப்பாள். அந்தக் கருவாட்டுக் குழம்பு இல்லையென்றால் நான் மூன்றாம் மாதமே மலையிறங்கியிருப்பேன்.

அந்த வருஷம் மாசி முடிகிற சமயத்தில் அவள் மகள் செல்வி, போடியில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வந்து சேர்ந்தாள். முழுகாமல் இருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. கஞ்சி தங்காது, இட்லி தங்காது, தண்ணீர்கூடச் சில நாள் தங்காது. சிலருக்கு மூன்று மாதத்தில் நின்றுவிடும், இவளுக்கு நிற்கவில்லை. டிஸ்பென்சரியில் ஒரு பழைய முள் தராசு இருந்தது. அதில் ஏறி நின்றாள். முப்பத்தொன்பது கிலோ. புதன்கிழமை தோறும் வருகிற டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: எடை இன்னும் இறங்கினால் பிள்ளை தங்காது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வாராவாரம் அந்த முள்ளைப் பார்ப்பது என் பொறுப்பு என்றார். சொந்தத் தங்கை ஏறி நிற்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

செல்விக்கு ஒரே ஒரு சாப்பாடு தங்கியது. பழுத்த தக்காளியைப் பிசைந்து, உப்புப் போட்டு, சோற்றில் கலந்து கொடுத்தால் இறங்கும், இறங்கியது மேலே வராது. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. வாரம் ஒரு தரம் ஞாயிற்றுக்கிழமை கீழேயிருந்து காய்கறி லாரி வரும். குருவம்மா முதல் ஆளாகப் போய் நிற்பாள்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மழை பிடித்துவிட்டால் அந்த லாரியை நம்ப முடியாது. ஓரிடத்தில் மண் சரிந்தால் போதும், பதினைந்து நாள், சில வருஷம் ஒரு மாதம்கூட எதுவும் வராது. நான் அங்கே போய்ச் சேர்ந்தது கார்த்திகையில், மழைக்காலம் எப்படியென்று பார்த்ததே இல்லை. குருவம்மா வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள். அதனால்தான் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசில் ஒருவரிடம் கேட்டுக் குட்டை ரக நாற்று வாங்கி, ஒன்பது பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டு, தகரக் கூரை நீட்டியிருக்கிற இடத்தில் மழை படாமல் வரிசையாக வைத்திருந்தாள். ஆனிக்குள் பழுக்கிற செடி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். தக்காளிச் செடி எதற்கு என்று தக்காளிக் காட்டுக்காரன் மகனுக்கு யாராவது விளக்குவார்களா?

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாயும் மகளும் லாரிக்குப் போயிருந்தார்கள். வெயில் அடித்தது, மலைக்கு வந்து முதல் தடவையாக ஸ்வெட்டரைக் கழற்றினேன். துணி காயப்போட வெளியே வந்தால் அந்த வாசனை. ஊர் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்பது செடியும் முழங்கால் உயரத்தில் புதர் மாதிரி, கக்கத்துக்குக் கக்கம் சிம்பு விட்டு நின்றன. அடடா, இந்த அக்காவுக்குத் தேயிலை தெரிந்த அளவுக்குத் தக்காளி தெரியவில்லையே என்று எனக்கு ஒரே பரிதாபம். இவ்வளவு நாள் குழம்பு ஊற்றியவளுக்கு நாமும் ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

அரைமணி நேரம். ஒன்பது செடியிலும் ஒரு சிம்பு விடவில்லை. ஒற்றைத் தண்டாக, எங்கள் அப்பா பார்த்தால் தட்டிக்கொடுக்கிற மாதிரி சுத்தமாக்கினேன். யூகலிப்டஸ் குச்சி ஒடித்துவந்து டப்பாவுக்கு ஒன்று நட்டேன். கட்டுவதற்குச் சணல் இல்லை. டிஸ்பென்சரியிலிருந்து ஒரு சுருள் கட்டுத்துணி எடுத்துவந்து, இரண்டிரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டேன். கிள்ளியதையெல்லாம் கூட்டிப் குழாயடி நிழலில் குவித்தேன். தள்ளி நின்று பார்த்தபோது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வரிசையாக ஒன்பது பேர் கைமுறிந்து கட்டுப்போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது என்று பிறகு லயமே சொல்லிச் சிரித்தது. எனக்கு அப்போது அப்படித் தெரியவில்லை.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். குருவம்மா கூடையை இறக்கிவைத்தாள். செடிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"கொழுந்து கிள்ளுறது என் பொழப்பு" என்றாள். "என் வீட்டு வாசல்ல வந்து நீங்க கிள்ளிட்டீகளே."

"சிம்பு எடுத்தாத்தானுங்க்கா காய் பெருசாகும். எங்க காட்டுல..."

"இது அந்தச் செடி இல்ல தம்பி." முதல் தடவையாக அவள் என்னைச் சார் என்று சொல்லவில்லை. "இது இம்புட்டுத்தான் வளரும், அப்புறம் தானா நின்னுரும். காய்க்கிறதே அந்தப் பக்கக் கிளையிலதான். மழையில லாரி வராது. அப்ப இவளுக்குக் குடுக்கத்தான் வச்சேன்."

செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எடையைச் சீட்டில் எழுதியவன் நான். முந்தின புதன்கிழமைதான் முப்பத்தொன்பது, நாற்பது ஆகியிருந்தது. அந்தச் சீட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. "அய்யோ" என்று செடிப் பக்கம் குனிந்தேன். ஒரு செடியில் உச்சிக்குக் கீழே ஒன்றிரண்டு பூங்கொத்து மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். ஒன்பது செடிக்கும் சேர்த்து இருபது காய் வந்தால் அதிகம். வாழ்க்கையில் அன்றைக்கு மாதிரி என் விரல்களை நான் வெறுத்ததில்லை.

குருவம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. சேலையை இடுப்பில் செருகினாள். பிறகு, "கிள்ளுனதை எங்க போட்டீக?" என்றாள். குழாயடியைக் காட்டினேன். போய்க் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நிழலும் ஈரமும் இருந்ததால் பாதிக்கு மேல் வாடாமல் கிடந்தன.

"நர்சரியில ஆறு வருசம் கட்டிங் நட்டவ நான்" என்றாள், என்னிடம் இல்லை, அந்தத் துளிர்களிடம் சொல்கிற மாதிரி.

தேயிலையை அங்கே விதை போட்டு வளர்ப்பதில்லை. நல்ல செடியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மண் நிரப்பிய சின்னப் பாலிதீன் பையில் குத்தி, நிழலில் மூடிவைத்து வேர்பிடிக்க வைப்பார்கள். அதைச் செய்கிற பெண்களுக்கு விரல்நுனியில் ஒரு கணக்கு உண்டு. எந்தத் துண்டு பிழைக்கும், எது போகும் என்று தொட்டாலே தெரியும். குருவம்மா விரல் நீளம் இருந்த துளிர்களை மட்டும் பொறுக்கினாள், கீழ் இலையைக் கிள்ளினாள், லயத்தின் மறு ஓரத்து வீட்டிலிருந்து நர்சரிப் பைகளை வாங்கிவரச் சொல்லி என்னை விரட்டினாள். முப்பதுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. எல்லாவற்றையும் நட்டு, மேலே ஒரு பாலிதீன் தாளைக் கூடாரமாகப் போட்டு மூடினாள்.

"நான் தேயிலைக் காட்டுக்குப் போயிருவேன். காலையில, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளையும் நீங்கதான் தண்ணி தெளிக்கணும். ஊத்தக் கூடாது, தெளிக்கணும். வேற எதையும் தொடக் கூடாது. கையப் பின்னால கட்டிக்கிடுங்க."

இந்தக் கைகட்டல் அங்கே ஆரம்பித்ததுதான். என் மனைவி அதற்கு வாரிசு.

முதல் மூன்று நாள் எல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தன. டிஸ்பென்சரியில் இருமல் மருந்து அளந்துகொண்டிருக்கும்போதே மனசு அங்கே ஓடும். நடுவில் இரண்டு தரம் ஓடிப்போய்த் தெளித்துவிட்டு வருவேன். வரிசையில் நிற்கிற பெண்கள், "கம்பௌண்டர் சார், கட்டுப்போட்டவுகளுக்கு எப்பிடி இருக்கு? பொழைச்சுக்கிடுவாகளா?" என்று கேட்டுக் கொல்வார்கள். நாலாம் நாள் காலையில் ஒன்று தலையைத் தூக்கியது. மறுநாள் ஏழெட்டு. பத்தாம் நாள் குருவம்மா ஒரு பையைக் கீழிருந்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "வேர் இறங்கிருச்சு தம்பி" என்றாள். இருபத்திரண்டு பிழைத்தன. நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். இன்றைக்கு வரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

குட்டைச் செடியின் குணம் ஒன்று உண்டு. அதற்குத் தன் உயரம் தெரியும். வேர்விட்டுப் பிழைத்த துளிர்கள் உள்ளங்கை உயரத்திலேயே பூத்தன. லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் டப்பா கேட்டு வாங்கினோம். சித்திரை போனது, வைகாசி போனது. லாரி வந்துகொண்டிருந்தது, செல்வியின் முள் நாற்பத்தொன்று வரை ஏறியது. பிறகு மழை.

அதை மழை என்று சொன்னால் எங்கள் பாலக்காட்டுக்காரர்களுக்குப் புரியாது. பக்கத்து வீட்டுக் கதவு தெரியாது, பேசினால் காது கேட்காது. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை லாரி வரவில்லை. மூன்றாம் ஞாயிறும் இல்லை. வாங்கிவைத்த தக்காளி தீர்ந்து ஐந்து நாள் ஆனது. மொட்டையடித்த பழைய செடிகள் கொடுத்த பதினேழு பழமும் தீர்ந்தது. கஞ்சி மறுபடியும் மேலே வந்தது. புதன்கிழமை முள் நாற்பதுக்கு இறங்கியது, டாக்டரும் வரவில்லை, பாதை இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் அதே பாதைதான். சீட்டில் எழுதுவதற்கு முன் அவளை இறக்கி மறுபடியும் ஏற்றிப் பார்த்தேன், அதே நாற்பதுதான்.

தகரக் கூரைக்குக் கீழே புதுச் செடிகளில் காய் வெளுத்து நின்றது. தினமும் போய்ப் பார்ப்பேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வெள்ளிக்கிழமை காலையில் ஒன்றின் அடியில் மஞ்சள் ஓடியிருந்தது. சனிக்கிழமை ஆரஞ்சு. ஞாயிற்றுக்கிழமை குருவம்மா கதவைத் தட்டி, "வாங்க" என்றாள். எலுமிச்சையைவிடச் சின்னதாக நாலு பழம், நல்ல சிவப்பு. "நீங்களே பறிங்க" என்றாள். எனக்குக் கை வரவில்லை. "அட, பறிங்கன்னா!"

பறித்தேன். பிசைந்து, உப்புப் போட்டு, சோற்றில் கலந்து கொடுத்தாள். செல்வி சாப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரைமணி ஆயிற்று. ஒருமணி ஆயிற்று. "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்களேன், இப்பிடிப் பாத்தா நல்லாருக்கிறவளுக்கும் வாந்தி வரும்" என்று செல்வி சிடுசிடுத்தாள். அந்தச் சிடுசிடுப்பைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

பிறகு நிற்கவில்லை. குட்டைச் செடி பழுக்க ஆரம்பித்தால் எல்லாம் ஒரே மூச்சில் பழுக்கும். இருபத்திரண்டு செடி, அந்த மழையில், அந்தக் கூரைக்குக் கீழே. லாரி வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. அடுத்த புதன்கிழமை முள் நாற்பத்தொன்று, அதற்கடுத்தது நாற்பத்திரண்டரை. ஆவணியில் கீழே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று போன் வந்தபோது லயத்தில் எனக்குத்தான் முதல் மிட்டாய்.

போன வாரம் மாடியில் நாற்று நட்ட அன்றைக்குச் சாயங்காலம் குருவம்மாவுக்குப் போன் போட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு போடியில் இருக்கிறாள். குட்டைத் தக்காளி வாங்கியிருக்கிறோம் என்றேன்.

"கைய வச்சீகளா?"

"இல்லீங்க்கா. பின்னால கட்டியிருக்கேனுங்க."

சிரித்தாள், அதே சிரிப்பு. பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பிளஸ் டூ போகிறாளாம், அம்மாவைவிட ஒரு தலை உயரமாம். "அதை ஏன் கேக்குறீக தம்பி. தக்காளின்னாலே ஆகாது அவளுக்கு. ரசத்துல ஒரு துண்டு கெடந்தாலும் எடுத்துத் தட்டு ஓரத்துல வச்சிர்றா. தோலு வாயில ஒட்டுதாம்!"

நான் சிரித்த சிரிப்பில் மனைவி மாடிக்கு ஓடிவந்துவிட்டாள்.

அந்த லயம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்களாம். டிஸ்பென்சரியைப் பூட்டி வருஷங்களாயிற்று. அந்த முள் தராசு எந்தக் காயலான் கடைக்குப் போனதோ, போகட்டும், அதைப் பார்த்துப் பயந்தது போதும். எங்கள் அப்பாவின் கொம்பும் கம்பியும் போய் அந்த இரண்டு ஏக்கரில் தென்னை நிற்கிறது, சனிக்கிழமைகளில் யார் விரலும் கறுப்பதில்லை. மழைக்கு முன்னால் மலையைப் பார்த்துக்கொண்டு, லாரி வருமா வராதா என்று நின்ற அந்தப் பயமும் என்னைவிட்டுப் போய்விட்டது. இதில் எதுவும் திரும்பி வர வேண்டாம். போடியில் ஒரு பெண் தக்காளியைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போகிறாள். எனக்கு அது போதும்.